அதிவேக நெடுஞ்சாலையில் ஒழுங்கை மாறும்போது சிக்னல் போட வேண்டியது எப்போது?

வெலிகமையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஒரு வேன் புறப்படுகின்றது. வெளிநாடு செல்லும் மூத்த மகனை வழியனுப்ப உம்மா, வாப்பா, மனைவி, பிள்ளைகள் என்று பத்துப் பேர் உள்ளே இருக்கின்றார்கள். பின்புறம் முழுக்கப் பயணப் பொதிகள். நேரம் அதிகாலை இரண்டு மணி. கொக்மாதுவையில் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறிச் சிறிது தூரம் சென்றதும் முன்னால் ஒரு லொறி மெதுவாகப் போய்க்கொண்டிருக்கின்றது. சாரதி வேகத்தைக் குறைக்கின்றார். பக்கக் கண்ணாடியை ஒரு தடவை பார்க்கின்றார். தூரத்தில் இரண்டு வெளிச்சங்கள் தெரிகின்றன. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பியபடியே சிக்னலையும் தட்டுகின்றார். அடுத்த நொடி பின்னால் நீண்ட ஹோர்ன் சத்தமும் பிரேக் கிறீச்சிடும் சத்தமும் கேட்கின்றன. பின்னால் வந்தவர் விழிப்பாக இருந்ததனால் எதுவும் நடக்கவில்லை.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் அதிவேக நெடுஞ்சாலையில் அடிக்கடி பயணிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தச் சாரதி சிக்னல் போட்டார். அவரிடம் கேட்டால் "நான் சிக்னல் போட்டுத்தானே எடுத்தேன்" என்றுதான் சொல்வார். பிழை சிக்னல் போட்டாரா இல்லையா என்பதில் இல்லை. எப்போது போட்டார் என்பதில்தான் இருக்கின்றது.

ஊர்ப் பாதையில் பழகிய கை

தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் முதற் பகுதி, கொட்டாவைக்கும் காலி பின்னதுவைக்கும் இடையில், 2011 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. 2013இல் கொழும்பு - கட்டுநாயக்க பாதை வந்தது. 2014இல் தெற்குப் பாதை மாத்தறை வரை நீண்டது. 2019இல் வெளிவட்ட நெடுஞ்சாலை கெரவலப்பிட்டியுடன் இணைந்ததும், மாத்தறையில் ஏறும் ஒருவர் சாதாரண வீதியில் இறங்காமலேயே கட்டுநாயக்க வரை செல்ல முடிந்தது. 2020இல் மத்தள, அம்பாந்தோட்டை வரையும் 2022 ஜனவரியில் மீரிகம - குருநாகல் இடையேயும் பாதைகள் திறக்கப்பட்டன.

ஆக, இந்த நாட்டில் அதிவேக நெடுஞ்சாலை அனுபவம் 2011இல்தான் தொடங்குகின்றது. இன்று வாகனம் ஓட்டும் பலர் காலி வீதியிலும் கண்டி வீதியிலும் ஊர்ச் சந்திகளிலும் சாரத்தியம் பழகியவர்கள். அங்கே 40 கிலோமீற்றர் வேகத்தில் சிக்னலையும் ஸ்டியரிங்கையும் ஒரே நேரத்தில் கையாண்டாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அந்தப் பழக்கத்தோடு 100 கிலோமீற்றர் வேகப் பாதைக்கு வரும்போதுதான் ஆபத்து தொடங்குகின்றது.

கணக்கு என்ன சொல்கின்றது?

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 28 மீற்றர் கடக்கின்றது. மூன்று வினாடியில் 83 மீற்றர். ஐந்து வினாடியில் 139 மீற்றர்.

எதிர்பாராத ஒன்றைக் கண்டு, அது என்னவென்று விளங்கி, பிரேக்கில் கால் வைக்க ஒரு சாரதிக்குச் சுமார் ஒன்றரை வினாடி தேவைப்படும். களைப்பாக இருந்தால் இன்னும் கூடும். 100 கிலோமீற்றர் வேகத்தில் அந்த ஒன்றரை வினாடிக்குள் வாகனம் 40 மீற்றருக்கு மேல் சென்றுவிடும். அதன் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்கும்.

இப்போது வேனுக்கு வருவோம். லொறிக்குப் பின்னால் வேனின் வேகம் 60. வலப்பக்க ஒழுங்கையில், அதாவது வலது லேனில், வரும் காரின் வேகம் 100. வித்தியாசம் மணிக்கு 40 கிலோமீற்றர், அதாவது வினாடிக்கு 11 மீற்றர். கார் 60 மீற்றர் பின்னால் இருந்தால் அந்த இடைவெளி ஐந்தரை வினாடியில் முழுவதும் தீர்ந்துவிடும். கண்ணாடியில் "தூரத்தில்" தெரிந்த இரண்டு வெளிச்சங்கள் ஐந்தரை வினாடியில் வேனின் பின்கதவுக்கு வந்துவிடும் என்பதே இதன் பொருள்.

சிக்னல் விளக்கு பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை மின்னும். ஒரு வினாடிக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. திருப்பும்போதே சிக்னல் போட்டால், முதல் மின்னல் பின்னால் வருபவரின் கண்ணில் படும்போது வாகனத்தின் சில்லு ஏற்கெனவே வெள்ளைக் கோட்டின் மேல் இருக்கும். அது முன்னறிவித்தல் ஆகாது. நடந்துகொண்டிருப்பதைச் சொல்வது மட்டுமே.

எத்தனை வினாடிக்கு முன்?

1968ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை இது பற்றிய அடிப்படை விதியைச் சொல்கின்றது. பக்கவாட்டில் நகர்வதற்கு முன் தெளிவான, போதுமான அறிவித்தல் கொடுக்க வேண்டும். நகர்ந்து முடியும் வரை சிக்னல் எரிய வேண்டும். முடிந்தவுடன் அணைக்க வேண்டும். போதுமான அறிவித்தல் என்பது எவ்வளவு என்பதைச் சில நாடுகள் எண்ணாகவே சொல்லியிருக்கின்றன.

நமது வீதிகளில் ஓடும் கார்களிலும் வேன்களிலும் பல வருவது ஜப்பானிலிருந்து. அந்த நாட்டுச் சட்டப்படி ஒழுங்கை மாறுவதற்கு மூன்று வினாடிகளுக்கு முன் சிக்னல் போட வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சாரதிகளுக்கு வெளியிடும் கைநூல், அதிவேகப் பாதையில் ஒழுங்கை மாறக் குறைந்தது ஐந்து வினாடிகளுக்கு முன் சிக்னல் போடச் சொல்கின்றது. பிரித்தானியாவின் வீதி விதிக்கோவை எண் எதையும் சொல்வதில்லை. வரிசையைச் சொல்கின்றது: முதலில் கண்ணாடி, பிறகு சிக்னல், அதன் பிறகே நகர்வு.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடிய அளவு இதுதான்: மூன்று வினாடிக்குக் குறையவே கூடாது, 100 கிலோமீற்றர் பாதையில், குறிப்பாக இரவிலும் மழையிலும், ஐந்து வினாடி.

வினாடியை எண்ணுவது எப்படி என்று கேட்கலாம். சிக்னல் போட்டதும் உள்ளே கேட்கும் "டிக், டிக்" சத்தத்தை எண்ணுங்கள். அநேகமான வாகனங்களில் ஐந்து டிக் மூன்று வினாடிக்கு மேலாகவும், எட்டு டிக் ஐந்து வினாடியை ஒட்டியும் இருக்கும்.

சரியான வரிசை

முதலாவது, நடுக் கண்ணாடியையும் வலப்பக்கக் கண்ணாடியையும் பாருங்கள். அடுத்த ஒழுங்கையில் யாராவது மிக அருகில் வந்துகொண்டிருந்தால் சிக்னலே போடாதீர்கள். அந்த நேரத்தில் போடும் சிக்னல் அவரைத் திடுக்கிடச் செய்து பிரேக் போட வைக்கும். அவர் கடந்து செல்லட்டும்.

இரண்டாவது, இடைவெளி இருப்பதாகத் தெரிந்தால் சிக்னல் போடுங்கள். ஸ்டியரிங்கை அசைக்க வேண்டாம். உங்கள் ஒழுங்கையிலேயே நேராகச் செல்லுங்கள்.

மூன்றாவது, சிக்னல் எரிந்துகொண்டிருக்கும்போதே மீண்டும் கண்ணாடியைப் பாருங்கள். இந்த இரண்டாவது பார்வையைப் பலர் விட்டுவிடுகின்றனர். இரவில் கண்ணாடியில் தெரிவது இரண்டு வெளிச்சங்கள் மட்டுமே. ஒரு தடவை பார்த்து அவை எவ்வளவு வேகமாக வருகின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கக் கண்ணாடிகள் குவிந்தவையாக இருப்பதால் வாகனங்கள் உண்மையில் இருப்பதை விடத் தூரத்தில் இருப்பது போலவும் காட்டும். மூன்று நான்கு வினாடி இடைவெளியில் இரண்டு தடவை பார்த்தால் வெளிச்சம் பெரிதாகியிருக்கின்றதா, அப்படியே இருக்கின்றதா என்பது விளங்கிவிடும். சிக்னலுக்கும் நகர்வுக்கும் இடையிலுள்ள அந்த வினாடிகள் பின்னால் வருபவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் பயன்படுகின்றன.

நான்காவது, வலப்பக்கத் தோளுக்கு மேலாக ஒரு சிறிய பார்வை. எந்தக் கண்ணாடியிலும் விழாத ஒரு பகுதி எல்லா வாகனங்களுக்கும் உண்டு. உங்களுக்குச் சமாந்தரமாக, சற்றுப் பின்னால் வரும் ஒரு கார் முழுவதுமாக அதற்குள் மறைந்துவிடும். தலையை மட்டும் திருப்புங்கள். கை திரும்பக் கூடாது.

ஐந்தாவது, எல்லாம் சரியாக இருந்தால் மெதுவாக, சரிவாக நகருங்கள். வாகனம் முழுவதும் புதிய ஒழுங்கைக்குள் வரும் வரை சிக்னல் எரியட்டும்.

ஆறாவது, சிக்னலை அணையுங்கள்.

தானாக அணையாத சிக்னல்

சந்தியில் திரும்பும்போது ஸ்டியரிங்கை நிறையத் திருப்புகின்றோம். அது நேராகும்போது சிக்னல் தானாகவே அணைந்துவிடும். ஒழுங்கை மாறும்போது ஸ்டியரிங் மிகச் சிறிதளவே திரும்புவதால் பல தடவை அந்தப் பொறி இயங்குவதில்லை. சிக்னல் எரிந்துகொண்டே இருக்கும். காற்றுச் சத்தத்திலும் வாகனத்துக்குள் நடக்கும் பேச்சிலும் டிக் டிக் ஓசை காதில் விழாது.

மறந்துபோன வலச் சிக்னலோடு இடது ஒழுங்கையில் செல்லும் வாகனத்தைப் பார்த்து, வலப்பக்கம் முந்த வருபவர் தயங்குவார். சில வேளை பிரேக் போடுவார். மறந்துபோன இடச் சிக்னல் வெளியேறும் பாதைக்கு அருகில் பின்னால் வருபவரை ஏமாற்றும்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. பெரும்பாலான வாகனங்களில் சிக்னல் கம்பியை முழுவதும் தள்ளிப் பூட்டாமல், பாதி வரை தள்ளிப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்திருக்கும் வரை மின்னும், விட்டவுடன் நின்றுவிடும். புதிய வாகனங்கள் பலவற்றில் ஒரு தடவை தட்டினால் மூன்று தடவை மின்னும் வசதி இருக்கின்றது. அந்த மூன்று மின்னலும் சுமார் இரண்டு வினாடியில் முடிந்துவிடும். அதிவேகப் பாதைக்கு அது போதாது. தட்டிவிட்டு இருக்காமல் கம்பியை முழுவதும் தள்ளிப் போட்டு, முடிந்ததும் நீங்களே அணைப்பது நல்லது.

இன்னொரு சிறிய விடயம். ஜப்பானிய வாகனங்களில் சிக்னல் கம்பி ஸ்டியரிங்கின் வலப்பக்கத்திலும், ஐரோப்பிய வாகனங்களில் இடப்பக்கத்திலும் இருப்பது வழக்கம். இரவல் வாகனத்தையோ வாடகை வாகனத்தையோ எடுத்துச் செல்பவர் சிக்னல் போடுவதாக நினைத்து வைப்பரைப் போட்டுவிடலாம். நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன்பே கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும்

நுழைவாயிலைக் கடந்து பிரதான பாதையில் சேரும் இடத்தில் வேகம் கூட்டுவதற்கென ஒரு தனி ஒழுங்கை இருக்கும். அதற்குள் வந்தவுடனேயே வலச் சிக்னலைப் போட்டு, வேகத்தைப் பிரதான பாதையின் வேகத்துக்கு உயர்த்தி, இடைவெளி பார்த்துச் சேர வேண்டும். பிரதான பாதையில் வருபவருக்கே முன்னுரிமை. அவர் சிக்னலை நேரத்தோடு கண்டால், வலப்பக்க ஒழுங்கை காலியாக இருக்கும் பட்சத்தில் தானும் சிக்னல் போட்டு விலகி இடம் தரலாம்.

வெளியேறும்போது, பெயர்ப்பலகை கண்ணில் பட்டதுமே இடது ஒழுங்கைக்கு வந்துவிட வேண்டும். அளுத்கமைக்கும் தர்கா நகருக்கும் செல்பவர் வெலிப்பன்னையில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். வெளியேறும் ஒழுங்கை பிரியும் இடத்துக்குச் சுமார் 300 மீற்றருக்கு முன்பே இடச் சிக்னல் எரிய வேண்டும். 100 கிலோமீற்றர் வேகத்தில் அது பதினொரு வினாடிக்கும் குறைவான நேரமே. வேகத்தைக் குறைப்பது வெளியேறும் ஒழுங்கைக்குள் நுழைந்த பிறகுதான். பிரதான ஒழுங்கையில் இருந்துகொண்டே பிரேக் போட்டால் பின்னால் வருபவர் உங்கள் மேல் வந்துவிடுவார்.

வெளியேறும் இடம் தவறிப்போனால் அது போனதுதான். கடைசி நொடியில் சிக்னலைப் போட்டுக் குறுக்கே வெட்டுவதோ, ஓரத்தில் நிறுத்திப் பின்னால் எடுப்பதோ உயிரோடு விளையாடுவதாகும். அடுத்த வாயிலில் இறங்கித் திரும்பி வாருங்கள். போவது கொஞ்ச நேரமும் கொஞ்சப் பெற்றோலும்தான்.

முந்திவிட்டுத் திரும்பும்போது

வலப்பக்கம் எடுக்கும்போது சிக்னல் போடும் பலர், முந்திவிட்டு இடது ஒழுங்கைக்குத் திரும்பும்போது போடுவதில்லை. சிலர் முந்தும் நேரம் முழுவதும் வலச் சிக்னலை எரியவிட்டுக்கொண்டே செல்கின்றனர். இரண்டுமே பிழை. வலப்பக்கம் சென்றதும் அணைக்க வேண்டும். முந்திய வாகனத்தின் இரு முன் விளக்குகளும் உங்கள் நடுக் கண்ணாடியில் முழுமையாகத் தெரிந்த பிறகு, இடச் சிக்னல் போட்டு, அதே வரிசையில் பார்த்துத் திரும்ப வேண்டும்.

வெளிவட்ட நெடுஞ்சாலையைப் போல ஒரு திசைக்கு மூன்று ஒழுங்கைகள் உள்ள இடங்களில் கூடுதல் அவதானம் தேவை. நடு ஒழுங்கை காலியாக இருக்கின்றது என்று இடப்பக்கமிருந்து நீங்களும், வலப்பக்கமிருந்து இன்னொருவரும் ஒரே நேரத்தில் அதற்குள் வரலாம். இருவரும் மூன்று வினாடிக்கு முன் சிக்னல் போட்டிருந்தால் ஒருவரையொருவர் கண்டுகொள்வர். ஒரே வீச்சில் இரண்டு ஒழுங்கைகளைக் கடப்பதும் கூடாது. ஒன்றுக்கு மாறி, சிக்னலை அணைத்து, நேராகச் சென்று, மீண்டும் பார்த்து, மீண்டும் சிக்னல் போட்டு அடுத்ததற்கு மாற வேண்டும்.

மழையும் நான்கு விளக்குகளும்

பலத்த மழையில் நான்கு சிக்னல் விளக்குகளையும் ஒன்றாக மின்னவிட்டபடி ஓட்டுவது நம்மவர்களிடையே பரவலாக உள்ள பழக்கம். நல்ல எண்ணத்தில்தான் செய்கின்றனர். ஆனால் நான்கும் மின்னும்போது வலச் சிக்னல் எது, இடச் சிக்னல் எது என்று பின்னால் வருபவருக்கு விளங்காது. வாகனம் பழுதாகி நின்றுவிட்டதோ என்றும் அவர் நினைக்கலாம். சிக்னல் மிக அவசியமாகத் தேவைப்படும் நேரத்தில் அதை நாமே இல்லாமல் செய்துவிடுகின்றோம். மழையில் முன் விளக்குகளைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டிச் செல்லுங்கள். நான்கு விளக்குகளும் நின்றுவிட்ட வாகனத்துக்கும் திடீர் ஆபத்தை எச்சரிப்பதற்கும் உரியவை.

சாதாரண வீதிகளில் சில லொறிச் சாரதிகள் இடச் சிக்னலைப் போட்டு "நீ முந்திச் செல்" என்று பின்னால் வருபவருக்குச் சொல்வதுண்டு. அதிவேகப் பாதையில் அந்த மொழி செல்லாது. அங்கே சிக்னலுக்கு ஒரே அர்த்தம்தான்: நான் அந்தப் பக்கம் வரப்போகின்றேன்.

சிக்னல் அனுமதிப் பத்திரம் அல்ல

சிக்னல் போட்டுவிட்டால் அந்த இடம் நமக்குச் சொந்தம் என்று நினைப்பது பெரிய தவறு. அது ஓர் அறிவித்தல். நெரிசலான நேரத்தில் ஒரு வேண்டுகோள். அடுத்த ஒழுங்கையில் வருபவர் தன் வேகத்தையோ திசையையோ மாற்ற வேண்டிய நிலை வந்தால், சிக்னல் எத்தனை வினாடி எரிந்திருந்தாலும் நீங்கள் மாறக் கூடாது.

அதே போல், அந்த வேண்டுகோளைக் காண்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. முன்னால் ஒருவர் சிக்னல் போட்டவுடன், அவருக்கு இடம் கொடுக்காமல் எக்சலரேட்டரை அழுத்தி இடைவெளியை அடைப்பவர்களைக் காண்கின்றோம். இப்படி நடந்துகொள்வதால்தான் பலர் "சிக்னல் போட்டால் விடமாட்டார்கள்" என்று சொல்லி, போடாமலேயே வெட்டப் பழகுகின்றார்கள். காலைச் சற்றுத் தளர்த்தினால் நமக்கு இழப்பு ஒன்றிரண்டு வினாடிதான்.

யாருமில்லாத பாதையில்?

"பின்னால் ஒருவருமே இல்லை, யாருக்காகச் சிக்னல்?" என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. ஒருவருமில்லை என்பது நமது கணிப்பு மட்டுமே. கண்ணாடியில் விழாத பகுதியில் ஒருவர் இருக்கலாம். வளைவுக்கு அப்பாலிருந்து ஒருவர் வேகமாக வரலாம். பின் ஆசனத்தில் இருப்பவர்களின் தலையும் பயணப் பொதிகளும் நடுக் கண்ணாடியை மறைத்திருக்கலாம். நாம் கண்ட ஒருவருக்காகச் சிக்னல் போடுவதைவிட, காணத் தவறிய ஒருவருக்காகப் போடுவதுதான் முக்கியம். எப்போது தவறவிடுவோம் என்பது நமக்கே தெரியாததால், ஒவ்வொரு தடவையும் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

புறப்படுவதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு வாகனத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். சேறு படிந்திருந்தால் துடையுங்கள். சிக்னல் வழமையை விட வேகமாக டிக் டிக் என்று அடித்தால் ஒரு பல்பு எரிந்துபோயிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். பக்கத்து ஆசனத்தில் இருப்பவரிடம் சாரதியோடு சேர்ந்து டிக் சத்தத்தை எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்வார்கள். நாளை அவர்கள் ஸ்டியரிங் பிடிக்கும்போது அது பழக்கமாகவே வந்துவிடும்.

அந்த வேனின் சாரதி செய்ய வேண்டியிருந்தது மிகச் சிறிய விடயம். சிக்னலைப் போட்டு எட்டு டிக் வரை லொறிக்குப் பின்னாலேயே சென்றிருந்தால், இரண்டாவது தடவை பார்க்கும்போது அந்த வெளிச்சங்கள் பெரிதாகியிருப்பதைக் கண்டிருப்பார். கார் கடந்து சென்றிருக்கும். அதன் பின் அமைதியாக முந்தியிருக்கலாம். உள்ளே உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேரும் அதை அறிந்திருக்கவே மாட்டார்கள்.